பகல்கனவில் மாட்டாத பிராக்கெட்

1991. விரலில் ஒட்டின ஆயில் வாசனை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அதே வாசனைதான்...

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டி வளைக்கிற ஒரு சின்ன பிரஸ் ஷாப். மொபெட்டில் கால் வைக்கிற கம்பியை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட் செய்தோம். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. நான் டிரெய்னி. மாசக் கடைசியில் பெர்மனென்ட் ஆக்குவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் அப்பா ஒரு வாலாஜாபாத் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு தயாராக இருந்தார்.

எனக்கு இருந்த ஒரே வியாதி பகல்கனவு. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். முதலில் பிரஸ்ஸில்தான் போட்டார்கள். ஒருநாள் கையை உள்ளே வைத்துக்கொண்டே பெடலை மிதிக்கப் போனேன்... பக்கத்து மெஷின் சரோஜாக்கா பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால், இதை டைப் பண்ண விரல் இருந்திருக்காது.

சூப்பர்வைசர் தேவராஜ் சார் அன்றைக்கே என்னை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மாற்றினார்.

"கனவு காண வூட்ல பாய் கீதுல்ல? இங்க இன்னாத்துக்கும்மா வர்றே? இன்னொரு தபா பாத்தேன், பெர்மனென்ட்ட மறந்துடு."

டேபிளில் வேலை சுலபம். பிராக்கெட் ஓட்டையில், அளவு சரிபார்க்கிற கேஜ் கம்பியை விட வேண்டும். சரியாகப் போனால் டப்பாவில் போட வேண்டும். கனவுக்கு ரொம்பத் தோதான வேலை. தினமும் மனசுக்குள் ஒரு மொபெட் வாங்கி, கையில் வரும் பிராக்கெட்டை அதில் மாட்டி, மணிமங்கலம் ஏரிக்கரையில் ஓட்டிக்கொண்டு போவேன். கலர்கூட முடிவாகியிருந்தது... கத்திரிப்பூ கலர்.

அன்று சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. வலது பக்க பிராக்கெட்டை எடுத்து என் கனவு வண்டியில் மாட்டினேன். கால் வைக்கிற கம்பி வெளியே நீளாமல் சக்கரத்துக்குள் போனது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே.

திடுக்கிட்டு, கையிலிருந்த நிஜ பிராக்கெட்டைப் பார்த்தேன். தகட்டைப் புரட்டிப் போட்டு வளைத்திருக்கிறார்கள். வலது எல்லாம் இடதாகியிருந்தது. கேஜுக்கு ஓட்டை மட்டும்தானே தெரியும்...

"சார், லைன நிறுத்துங்க. இது மாட்டாது."

"கேஜ் போவுதாம்மா?"

"போவுது சார். ஆனா வண்டில மாட்டாது."

"இங்க வண்டி எங்க கீது?"

"நான் மாட்டிப் பாத்தேன் சார்" என்றேன்.

முறைத்தார். ஆனாலும் ஒரு பழைய நல்ல பீஸைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவரே ஓடிப்போய் பிரஸ்ஸை ஆஃப் பண்ணினார். லாரியில் ஏற்றின டப்பாக்கள் எல்லாம் இறங்கின. சரோஜாக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து விசிலடித்தார்.

மாசக் கடைசியில் பெர்மனென்ட் ஆனவர்களில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஷாப்பே கைதட்டியது. அப்படி ஒரு கெத்தோடு நான் அதற்கப்புறம் நடந்ததே இல்லை.

"கனவு காணு, வேணாங்கல. டேபிள்ல குந்திகினு காணு. பிரஸ் பக்கம் போன... தொலைச்சிடுவேன்" என்றார் சார்.

வாலாஜாபாத் ஜாதகம் வந்த வழியே திரும்பிப் போனது.

இப்போது ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் குவாலிட்டி என் பொறுப்பு. பீஸைக் கேமரா பார்க்கிறது. தப்பென்றால் லைன் தானாக நிற்கும். யாரும் எதையும் மனசுக்குள் மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நல்லதுதான், எல்லார் விரலும் பத்திரம்.

ஆனாலும் டேபிளில் ஒரு பெண் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால் என்னால் அதட்ட முடிவதில்லை.

எங்கே போயிருக்கிறாளோ... வரட்டும் என்று நின்றுகொள்கிறேன்.