ஜித்தாவுக்கு ஆறு மணித்தியாலம்

ஒரே ஒரு ஊரில் ஒரு டிக்கட் கடை இருந்ததாம். அதில், தான் ஒருநாளும் ஏறாத பிளேனுக்கு நேரம் சொல்ல ஒருவன் இருந்தானாம். ஊர் கல்முனை, காலம் எண்பதுகளின் தொடக்கம், அவன் நான். என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பதில் சொன்ன உங்களுக்கு என் பாடு விளங்கும்.

கொழும்பை விடக் கிட்ட

ஜித்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போக டிக்கட் எடுக்க, எனக்கு அக்கா முறையான பரீதா ராத்தா வந்தா. கூட வந்த அவட வாப்பா உதுமாலெவ்வை, இறக்காமத்தில் வயல் செய்கிறவர், சுவரில் ஊர்ப் பெயர்கள் எழுதியிருந்த பலகையில் ஜித்தாவைக் காட்டி, "இது எவ்வளவு தூரம் மகன்?" என்றார்.

"மூவாயிரம் மைலுக்குக் கிட்ட, மாமா. பறக்க ஆறு மணித்தியாலம்."

"இடையில தேத்தண்ணிக்கு எங்க நிப்பாட்டுவான்?"

"அது மஹியங்கனையால கொழும்புக்குப் போற பஸ் இல்ல வாப்பா, சும்மா இரிங்க!" என்று ராத்தா அவர் கையை இழுத்தா.

எங்கள் பஸ்ஸில் விடிய சுபஹோடு ஏறினால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் கொழும்பில் இறங்கலாம். மனதுக்குள் கணக்குப் பார்த்தவரின் முகம் தெளிந்தது.

"அப்ப கொழும்பை விடக் கிட்டதானே! நான் மவுத்தானாலும் புள்ள வந்து முகம் பார்த்திரும்."

லுஹருக்கே

அடுத்த மாரி முடிந்து ஒரு காலை, ராத்தாவின் புருஷன் சலீம் காக்கா சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். சுபஹுக்குப் பிறகு உதுமாலெவ்வை மாமா மவுத்து. எங்கள் ஆட்கள் இறந்தவரின் ஜனாஸாவை வைத்துக்கொண்டிருப்பதில்லை, நடுப்பகல் லுஹருக்கே அடக்கிவிடுவார்கள்.

"தந்தி குடுத்திட்டன் தம்பி. ஆறு மணித்தியாலம்தானே, பின்னேரம் அசர் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிரிக்கன். எந்தப் பிளேன்ல வருவா, பாருங்க."

என் இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் மெதுவாகத்தான் சொன்னேன். தந்தி முதலில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் வீட்டுக்கார அறபியின் கையில்; அவர் சம்மதிக்க வேண்டும். பிளேனில் இடம் வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கினாலும் பிறகு ஒரு பகல் முழுக்க பஸ். ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றவர், கடைசியில் போய் சைக்கிளை நிமிர்த்தினார்.

"மையித்த வெச்சிக்கிட்டு இரிக்கப்படாது தம்பி. லுஹருக்கே எடுக்கச் சொல்லுறன்."

அங்கே என்ன நேரம்

ஒப்பந்தம் முடிந்து வந்த ராத்தா, திரும்பிப் போகவும் டிக்கட் எடுக்க வந்தா. அவ காசில் கட்டத் தொடங்கின வீடு அரைச் சுவரில் நின்றது. உம்மாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டா:

"தம்பி, இங்க லுஹர் என்டா அங்க என்ன நேரம்?"

"காலம ஒன்பதரை இருக்கும், ராத்தா."

"அப்ப வாப்பாவ எடுக்கக்குள்ள நான் அந்த அறபி வீட்டுப் புள்ளைக்குச் சோறு தீத்திக்கிட்டு இரிந்திரிப்பன்." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தா. பிறகு வாசல் பக்கம் பார்த்தா.

"உம்மா கேட்டா ஆறு மணித்தியாலம் என்டே சொல்லுங்க, தம்பி."

உம்மா உள்ளே வந்து எவ்வளவு நேரம் என்று கேட்டா; நானும் பறக்க ஆறு மணித்தியாலம் என்றேன், அதில் பொய்யும் இல்லை. தாயும் மகளும் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனார்கள்.