கைக்குட்டையில் இருந்த அப்பம்

எறும்புச் சாரையைப் பார்த்தால் அது எங்கே போகிறது என்று இன்றும் நான் தேடிப் போவேன். ஏன் என்று சொல்கிறேன், சகோதர சகோதரிகளே. எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் லகாட் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இதைச் சொல்ல மட்டும் வார்த்தை தேட வேண்டியிருக்கிறது.

என் மகள் எஸ்தருக்குப் பத்தொன்பது வயது. பக்கத்து நகரமான ஈப்போவில் கல்லூரிப் படிப்பு, வீட்டிலிருந்தே போய்வருகிறாள். சென்ற வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்களோடு சேர்ந்து உபவாசம் இருந்தாள். ஈஸ்டர் வந்தது, நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். அவள் மட்டும் உபவாசத்தை விடவில்லை. சபைப் பெண்கள் அவள் கன்னத்தைத் தடவி, "அடடா, நல்லா மெலிஞ்சி அழகாயிட்டா லா! இந்த வயசுல என்னா பக்தி பாருங்க!" என்றார்கள். என் கண்ணில் பட்டதோ வேறு. சட்டையெல்லாம் அவள் மேல் தொங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். கெஞ்சினேன், கத்தினேன், தட்டையே விசிறி அடித்தேன். சோறு சுவரில் ஒட்டியதுதான் மிச்சம்.

"கர்த்தாவே, என் பிள்ளையைச் சாப்பிட வையும்" என்று முழங்கால் தேய ஜெபித்தேன். பதில் இல்லை. இவளைப் புதைக்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவள் சர்ச்சுக்கு எடுத்துப் போகும் பையைச் சுற்றி எறும்பு. உள்ளே ஒரு கைக்குட்டை. பிரித்தால், திருவிருந்தில் கொடுத்த அப்பத் துண்டுகள். காய்ந்தும் பூசணம் பிடித்தும், மாதக் கணக்கில் சேர்ந்தவை. நக அளவு ரொட்டி! அதைக்கூட விழுங்கவில்லை என் பிள்ளை.

"என்னா புள்ள இது?" என்றேன். கத்தத் தெம்பில்லை.

"ஆண்டவரோட சரீரம்மா. தூக்கிப் போடப் பயமா இருந்துச்சி. சாப்புடவும் பயமா இருந்துச்சி." என் மடியில் சாய்ந்தாள். எலும்புதான் குத்தியது. "ஜெபம் பண்றப்ப என்னைச் சாப்புட வைக்கச் சொல்லாதீங்கம்மா. அதைக் கேட்டாலே நடுங்குது. பயம் போவணும்னு கேளுங்க."

பிடிவாதம் என்று நினைத்தேனே, அது பயம்! அன்றே இருவரும் சேர்ந்து அப்படி ஜெபித்தோம். எழுந்தபோது, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்று அவளே சொன்னாள். அதுதான் எனக்கு வந்த பதில். மருத்துவர் இதை நோய் என்றார். இதயம் தளர்ந்திருக்கிறது என்று வார்டில் சேர்த்தார். இப்போது வாரந்தோறும் ஆலோசகரிடம் போகிறோம். நான் கெஞ்சுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன், பாசாரில், காய்கறிச் சந்தையில், கேட்ட கதையெல்லாம் பேசுகிறேன். என் நீள வாய் அதற்காவது உதவுகிறது.

முழுச் சுகம் இன்னும் இல்லை. சில நாள் தட்டு அப்படியே திரும்பும். ஞாயிறு சர்ச் விட்டு வந்ததும் நான் திருட்டுத்தனமாய் அவள் பையைத் தடவிப் பார்ப்பேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தட்டின் முன் பயந்து உட்கார்ந்திருந்தால், மெலிந்ததைப் புகழாதீர்கள். மறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஆண்டவரை நம்புங்கள். என்னை அவர் கைவிடவில்லை.

சென்ற திருவிருந்தில் எஸ்தர் அப்பத்தை வாயில் வைத்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மென்றாள். விழுங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அவளே பையை என் மடியில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்கம்மா. எறும்பு வராது."