மார்க்கு ஏறுதுல்லா!

புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணிப் பண்டலை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பொத்தென்று இறக்கிவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைப்பதற்கு முன்பே ஐயாதுரை டியூட்டி டாக்டரின் அறைக்குள் தலையை நீட்டுகிறார். “சார் புதுசுல்லா? எந்த நாட்டுல படிச்சிய?” ஜார்ஜியா என்கிறார் டாக்டர். “எஃப்எம்ஜி எம்புட்டு?”

யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தீபாவளிச் சட்டை என்ன விலை என்று விசாரிக்கிற தோரணையில்தான் கேட்பார். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்து வந்தவர்கள் இங்கே ஊசியைக் கையால் தொடுவதற்கு முன்னால் எழுதித் தொலைக்க வேண்டிய பரீட்சை அது. முந்நூற்றுக்கு நூற்றைம்பது வாங்கினால் டாக்டர். ஒரு மார்க் குறைந்தாலும் போச்சு, அடுத்த தடவை பார்க்க வேண்டியதுதான்.

சத்திரப்பட்டித் தறிகளில் இறங்குகிற பேண்டேஜ் துணியை வாங்கி, வெட்டி, மடித்து, எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போடுவது ஐயாதுரையின் பிழைப்பு. வேர்வைக்கு அடக்கமாக ஹெல்மெட்டுக்குள் ஒரு காஸ் துணியை நாலாக மடித்து வைத்திருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றினாலும் துணி தலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புது நர்ஸ் ஒருத்தி, அடிபட்டு வந்த ஆள் என்று பதறி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தே விட்டாள். “நல்லா இருக்கேன் தாயி, துணி போட வந்திருக்கேன்” என்று அவர் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

துணி மடிப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். “ஒத்தையாளா மடிச்சா கோணிரும். அந்தப் பக்கம் ஒரு கை வேணும்” என்று போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுவார்.

மார்க் விஷயத்தில் அவருக்கு ஒரு தீர்மானம் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் நூற்று ஐம்பத்திரண்டு என்றார். பிறகு வத்திராயிருப்பில் ஒருவர் நூற்று அறுபத்தைந்து. போன மாதம் வந்த பெண் டாக்டர் நூற்று எண்பத்தொன்று. எழுதியெல்லாம் வைக்கவில்லை, எல்லாம் வாயில்தான் இருக்கிறது. “வருசா வருசம் ஏறுதுல்லா! இப்ப உள்ள பிள்ளைக செல்லுலயே அம்புட்டையும் படிச்சிருதுக. நூல் வெலை மாதிரிதான், ஏறுனது எறங்காது.” டீக்கடையில் யாராவது தெரியாத்தனமாக “அப்படியா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். டீ ஆறிப்போகும்.

இவ்வளவும் யாருக்காக என்பது தெருவுக்கே தெரியும். மகள் பொன்மணி பிலிப்பைன்ஸில் படித்துவிட்டு வந்தவள். மூன்று தடவை எழுதியும் தேறவில்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேர் மார்க்கையும் கேட்டு வைத்திருக்கிற மனிதர் மகளின் மார்க்கை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ரிசல்ட் வந்த அன்று அவள் “இல்லப்பா” என்பாள். இவர் வெளியே போய் வண்டி டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். பயம்தான், வேறென்ன?

இப்போது செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பொன்மணியை பயாலஜி டீச்சராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் பரீட்சையைத் தலைமுழுகின மாதிரிதான். ஐயாதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவ எழுது தாயி. மார்க்கு ஏறுற நேரத்துல போயி விடுதேங்கியே!”

பொன்மணி சிரித்துவிட்டாள். “யப்பா, நீங்க கேக்குற ஆளு பூராவும் பாஸாகி சேர்ல உக்காந்திருக்கவங்க. ஃபெயிலானவங்க அங்க எங்க இருக்காங்க? அவங்ககிட்டயும் கேட்டுட்டு வந்து ஏறுதா எறங்குதான்னு சொல்லுங்க.”

“ஃபெயிலானவன எங்கன போயித் தேடுவேன்?” என்றார். ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் யாரையும் எதுவும் கேட்காமல் நேரே ஸ்டோருக்குப் போனார். அங்கே சரக்கை எண்ணி வாங்குகிறவன் ஜெபின். “ஏலே ஜெபினு, ஒரு கை பிடி” என்பதைத் தவிர அவனிடம் அவர் அதிகம் பேசியதில்லை.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாரு மார்க்கும் கேக்கலயா?” என்றான் ஜெபின். அப்புறம் பண்டலைப் பார்த்தபடியே, “எல்லார்ட்டயும் கேட்டீங்க. எங்கிட்ட மட்டும் கேட்டதே இல்ல.”

“ஒனக்கு என்னல மார்க்கு?”

“நானும் சைனா போயிட்டு வந்தவன்தான். மொதல்ல நூத்தி இருபத்தொண்ணு. பொறவு நூத்தி நாப்பத்திநாலு. ஏறுதுல்லான்னு எங்கப்பா சொன்னாக, எழுதுனேன். நூத்தி முப்பத்திமூணு. மறுக்கா எழுதுனேன், நூத்தி இருபத்தொம்பது.” சரக்கு எண்ணிக்கை சொல்கிற குரலிலேயே சொல்லி முடித்துவிட்டு, பண்டலைத் தூக்கி அலமாரியில் அடுக்கினான். அவனை ஏலே என்பதா சார் என்பதா என்று தெரியாமல் ஐயாதுரை அடுத்த பண்டலைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

அன்று டீக்கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் பொன்மணி கஞ்சி போட்ட காட்டன் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு உடுத்துவதற்கு. ஹெல்மெட்டைக் கழற்றியவர் தலைத்துணியை எடுக்க மறந்து, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எம்புட்டு தாயி?”

“எது?”

“ஒன் மார்க்கு.”

பொன்மணி கை நிற்கவில்லை. “மொதல்ல நூத்திப் பதினெட்டு. அடுத்தது நூத்தி முப்பத்தேழு. கடைசியா நூத்தி நாப்பத்தெட்டு.” முந்தியை நீவிவிட்டு, “சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லல” என்றாள்.

ஏறித்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டே மார்க். ‘ஏறுதுல்லா’ என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டார். எதிரே அவள் அவ்வளவு நீளச் சேலையை ஒத்தையாளாக மடித்துக்கொண்டிருந்தாள். அது கோணிக்கொண்டே போனது.

ஐயாதுரை எழுந்து போய்ச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.