கிணற்றின் மேல் போட்ட கல் பெஞ்சு

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். செங்கல் எண்ணிக்கையைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவது உண்டு. பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கே ர, எங்கே ற என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். இதை எழுதச் சொன்னவர் ஒரு டீச்சர். அவர் சிவப்பு மையில் திருத்தினால் திருத்திக்கொள்ளட்டும்.

நான் பாளையங்கோட்டையில் கொத்தனார் வேலை செய்கிறேன். சில வருடங்களாக வீடு கட்டும் வேலையைவிட வீட்டைச் சுற்றிக் கிடக்கும் இடத்தை அழகுபடுத்தும் வேலைதான் அதிகம் வருகிறது. முற்றத்துக்கு பேவர் பிளாக் தரைக்கல், உட்கார ஒரு கல் பெஞ்சு, மேலே கம்பிப் பந்தல், மதிலில் விளக்கு. குடியிருக்கப் போகிறவர்களைவிட விற்கப் போகிறவர்களே இதையெல்லாம் விரும்பிச் செய்கிறார்கள்.

டீச்சரும் விற்கத்தான் நினைத்தார். ஓய்வு பெற்று, வீட்டுக்காரரும் தவறிப்போய், தனியாக இருந்தார். வள்ளியூரில் அவருடைய தங்கை வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு வந்திருந்தது. சின்ன வீடு, படி ஏற வேண்டியதில்லை. முழங்கால் வலிக்கு அதுதான் தோது என்று சொன்னார். அதை விற்கிறவர் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த வீடு விற்றாக வேண்டும்.

தரகர்தான் என்னைக் கூட்டிப்போனார். கேட்டுக்கு நேராக, வீட்டின் பக்கவாட்டில் ஒரு பழைய குளியலறை, துணி துவைக்கிற கல், பக்கத்தில் உறைக்கிணறு. கைப்பிடிச் சுவரெல்லாம் பாசி.

“டீச்சர், ஆளுக வீட்டுக்குள்ள கால வைக்கதுக்கு முன்னாலயே விலைய மனசுல போட்டுருதாவ. கேட்டத் தொறந்தா கண்ணுல படுதது என்ன? இந்தப் பாசிதான். இந்தக் கிணத்த மூடி, வெளிய பளிச்சுன்னு ஆக்குங்க. கேட்ட விலை கிடைக்கும்” என்றார் தரகர்.

“கிணறு உமக்கு என்னவே பாவம் பண்ணிச்சு?” என்று டீச்சர் கேட்டார்.

“சின்னப் பிள்ளைக இருக்க வீட்டுக்காரன் கிணத்தக் கண்டாலே ஓடுதான், டீச்சர்.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நீங்க எத்தன வீட்டுக்குச் செஞ்சிருக்கிய. நெசமாவே மதிப்பு கூடுமா?”

எனக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. காரில் வந்து இறங்குகிற சின்ன வயதுக்காரர்கள் தரையையும் விளக்கையும் பார்ப்பார்கள். ஆனால் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வீடு தேடி வருகிறவர்கள் அப்படி இல்லை. உப்புத் தண்ணீரிலேயே காலம் கழித்தவர்கள் அவர்கள். நேரே போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாளி கோரி ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். பல வீடுகளில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படித்தவர்கள் முன்னால் எனக்கு வார்த்தை எழும்பாது. வேலையும் கையைவிட்டுப் போய்விடக்கூடாது. தலையை ஆட்டினேன்.

டீச்சர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். “கிணத்த மண்ணு போட்டுத் தூத்துரக் கூடாது. மூடி மட்டும் போடுங்க. வேணும்னா தொறக்க மாதிரி இருக்கணும். தண்ணி அங்கன அப்படியே கெடக்கட்டும்.”

அதற்கும் தலையை ஆட்டினேன்.

குளியலறையையும் துவைகல் மேடையையும் இடித்து ஒரு பக்கம் குவித்தோம். இடிசலை அள்ளிப்போக வரவேண்டிய டிராக்டர் இரண்டு நாளாக வரவில்லை. மறுநாள் காலையில் படம் எடுக்க வருவதாகத் தரகர் போனில் நெருக்கினார். அன்று சனிக்கிழமை. டீச்சர் அந்த வள்ளியூர் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். நான் குவியலைப் பார்த்தேன். கிணற்றைப் பார்த்தேன்.

என்னோடு வேலை பார்க்கிறவன் கூடையோடு நின்றான். “அண்ணாச்சி, டீச்சர் மூடி மட்டுந்தான போடச் சொன்னாவ?”

“உள்ள தட்டுலே. அடியில கெடக்கது யாருக்குத் தெரியப் போவுது” என்றேன்.

முதல் கூடை விழுந்தபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கல்லின் மேல் கல் விழும் சத்தம்தான் கேட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது. மேலே கான்கிரீட் மூடி, அதன் மேல் கல் பெஞ்சு, சுற்றிலும் பேவர் பிளாக். டீச்சர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “நம்ம வீடா இது!” என்று கையைத் தட்டினார். வள்ளியூர் வீட்டில் எந்த ஜன்னலுக்கு நேராகத் தங்கையின் அடுக்களை தெரிகிறது என்றெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படங்கள் நன்றாக வந்தன. தரகர் விலையையும் கூட்டிச் சொன்னார். முதலில் வந்த இரண்டு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி. மூன்றாவதாக வந்தவர்கள் சாத்தான்குளத்துக்காரர்கள். மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து இருக்க நினைத்த புருஷனும் பெஞ்சாதியும். ஆடிக்கொண்டிருந்த தரைக்கல் ஒன்றைச் சரிசெய்ய அன்றைக்கு நானும் போயிருந்தேன்.

அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். “கிணறு உண்டுன்னு சொன்னாவள, எங்க டீச்சர்?”

“நீங்க உக்காந்திருக்கதே அது மேலதான்.”

“ஏ ஆத்தி!” என்று அவர் துள்ளி எழுந்தார்.

அவர் புருஷன் சிரித்தார். “பயப்படாத. உன்னையே தாங்குதுன்னா பலமாத்தான் போட்டிருக்கான்.”

டீச்சரும் சிரித்தார். “வெறும் மூடிதான். உள்ள தண்ணி கெடக்கு. முப்பது வருசமா நான் குடிச்ச தண்ணி, அப்படி இனிக்கும். இவியதான் மூடினாவ. அண்ணாச்சி, சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்பம் தொறந்து ஒரு வாளி கோரும்வே. ஒரு மடக்குக் குடிச்சிட்டு இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறேன்” என்றார் கடைக்காரர்.

உண்மையைச் சொல்லத் திறக்காத என் வாய் இதற்கு உடனே திறந்தது. “இப்பம் தொறந்தா மூடி உடைஞ்சிரும் அண்ணாச்சி. கம்பி கட்டி வார்த்தது.”

அவர் என்னையே பார்த்தார். டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. “நம்புங்க. தண்ணி கெடக்கு. கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன்” என்றார்.

“நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். வீட்டுல கலந்துக்கிட்டு வாறோம்” என்று கடைக்காரர் கிளம்பினார். அவர் பெஞ்சாதியோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இனி வரமாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நாலு தெரு தள்ளி, பாசி பிடித்த திறந்த கிணறு உள்ள ஒரு பழைய வீட்டை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் முடிந்ததும் வள்ளியூர் வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. தரகர் போனை எடுப்பதில்லை. டீச்சர் மட்டும் அதே வீட்டில் இருந்தார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ தெரிந்தவர்களிடம் எல்லாம், “வாயில்லாத மனுசன், வேலை சுத்தம்” என்று சொல்லி எனக்கு மூன்று வேலை வாங்கிக் கொடுத்தார். கிறிஸ்துமசுக்கு வீட்டில் செய்த கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை என் வீட்டில் எல்லாரும் தின்றார்கள். நான் தொடவில்லை.

சித்திரையில் டீச்சர் வீட்டு போர்வெல் வற்றியது. “கிணத்தத் தொறந்திருவோம் அண்ணாச்சி” என்று டீச்சர் போன் செய்தார். காய்ச்சல் என்றேன். சொந்தத்தில் கல்யாணம் என்றேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் கடப்பாரையோடு போனேன். பெஞ்சை நகர்த்தி, கல்லைப் பெயர்த்து, மூடியை நெம்பினேன். டீச்சர் வாளியும் கயிறுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

உள்ளே தண்ணீர் இல்லை. கையெட்டும் தூரத்தில் இடிசல். மேலாக நீலப் பூப்போட்ட ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்தார்.

“இது எங்க வீட்டுக்காரரு வாங்கிப் போட்ட ஓடுல்லா. குளியலறையில இருந்தது.” என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “உங்க ஆளுக தெரியாமப் போட்டுட்டானுவளோ?”

தலையை ஆட்டினால் போதும். கழுத்து அதற்குப் பழகியதுதான். அன்றைக்கு என்னவோ அது அசையவில்லை. “நான்தான் டீச்சர்” என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். வீட்டைப் பற்றிப் பேசுவார், வள்ளியூரைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். “அந்தச் சாத்தான்குளத்து அம்மா இப்ப எங்க கோயிலுக்குத்தான் வாராவ. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்னக் கண்டா முகத்தத் திருப்பிக்கிடுதாவ. ஏன்னு எனக்கு இம்புட்டு நாளும் விளங்கல. கர்த்தர் பேரச் சொல்லிப் பொய் சொன்னவன்னு நினைச்சிருக்காவ. நெசமாவே பொய்தான சொல்லியிருக்கேன்?” என்றார்.

“நான் போய்ச் சொல்லுதேன் டீச்சர்.”

“நீங்க போனா தலைய ஆட்டிட்டு வந்துருவிய கொத்தனாரே. எழுதித் தாங்க. நடந்தத அப்படியே எழுதுங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கேன்.”

அன்றிலிருந்து அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை.

எழுத எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. அதுவரை சும்மா இருக்க முடியாமல், வேலை முடிந்து சாயங்காலங்களில் நான் மட்டும் போய் இடிசலை வாளி வாளியாக வெளியே எடுத்தேன். டீச்சர் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு கடப்பாரை ஈரத்தில் இறங்கியது. கலங்கல்தான், குடிக்க ஆகாது. இன்னும் அள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பெஞ்சு மதிலோரம் கிடக்கிறது. வீட்டுக்கு அது எவ்வளவு மதிப்பைக் கூட்டியது என்று கேட்க இப்போது யாரும் வருவதில்லை.

சாத்தான்குளத்து அம்மா, இதை வாசிக்கப் போவது நீங்கள்தான். அன்றைக்கு டீச்சர் தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார். மூடச் சொன்னவர் அவர். தூர்த்தவன் நான். திறந்தால் உடையும் என்று சொன்னதும் நான்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவரைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசுங்கள்.

ஐப்பசி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை.