செக்கோஸ்லோவாகியாவுக்கு ஒரு மதிப்பெண்

வினாவில் தெளிவில்லை என்றால் சந்தேகத்தின் பலன் தேர்வு எழுதியவருக்கே. தேர்வுக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

நேற்று ஸ்ரீரங்கத்தில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கடை டிவியில் நாலு பேர், மேலை நாகரிகத்தில் எந்தெந்த நாடுகள் சேரும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாதீங்க சார், காது போயிடும்" என்றார் கடைக்காரர். கழுத்தில் அவர் தூவிய பவுடர் வாசனை எப்படியோ மைதாப் பசை வாசனையாக மாறிப்போனது.

அது திருச்சியில் ஒரு கல்லூரித் தேர்வுப் பிரிவின் வாசனை. அங்கே நான் இளநிலை எழுத்தர். உலகமே கோப்புகளால் ஆனது என்று நம்பிய வயது.

வரலாற்றுத் தாளில், 'மேலை நாகரிகத்தைச் சேர்ந்த ஐந்து நாடுகளைக் கூறுக' என்று ஒரு கேள்வி. கைலாசபுரத்துப் பெண் வசந்தா ஐந்தாவதாகச் செக்கோஸ்லோவாகியா என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் அது இல்லை. ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. பி.எட். சேர்க்கைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, அந்த நாட்டுக்காரங்க எங்க பக்கத்து வீட்டுல இருந்தாங்க சார். அப்பா வேலை பாக்குற ஃபாக்டரிக்கு வந்த என்ஜினியர் குடும்பம். அந்தம்மா இட்லியையே முள்கரண்டியாலதான் சாப்பிடுவாங்க. இன்னும் எவ்வளவு மேற்கு வேணும்?" என்றாள், எங்கள் அலுவலகத்துக்கே வந்து.

எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். "நியாயமாத்தான் இருக்கு. போட்டு விட்றலாமாய்யா?"

"கம்யூனிஸ்ட் நாடு சார். பாடத்திட்டக் குழுவுக்கு எழுதிக் கேட்டுட்டா நமக்குப் பாதுகாப்பு" என்றேன். அதைச் சொன்னது நான்தான். வேறு யாருமில்லை.

குழு, வரலாற்றுத் துறையைக் கேட்டது. வரலாறு, புவியியலைக் கேட்டது. நாகரிகம் தன் வரம்பில் வராது என்றது புவியியல். நான் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன், அழகான கையெழுத்தில். மாலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்து போகும். யவனர்கள் வந்து மிளகு வாங்கிப்போன நாடுதானே இது, கோடு எந்த மணலில் கிழித்திருக்கிறது என்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் வசந்தா வருவாள். "பதில் வந்துச்சா சார்?" சேர்க்கை முடிந்த அன்றும் வந்தாள். "நீங்க நல்லவருதான் சார். உங்ககிட்ட ரூல் இருந்துச்சு, அதை விட்டுட்டு ஊரெல்லாம் கேட்டீங்க" என்றாள். பிறகு வரவில்லை.

அவள் அப்பா ஓய்வு பெற்று, கைலாசபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். எந்த ஊர் என்று எங்கள் பதிவேட்டில் இல்லை. கண்காணிப்பாளர் காலமானார். ஒரு புத்தாண்டு தினத்தில் செக்கோஸ்லோவாகியாவே இரண்டாகப் பிரிந்து வரைபடத்திலிருந்து போயிற்று.

'மேற்படி நாடு மேலை நாகரிகத்தைச் சேர்ந்ததே. ஒரு மதிப்பெண் வழங்கலாம்' என்ற கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது, அதற்குப் பதினோரு நாள் கழித்து: 12 ஜனவரி 1993.