வழுக்கைத் தலை அண்ணன்

சாவிக்கடைக்காரருக்கு நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒரு வேஷம். காலையில் குளித்து, தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். முதல் வாரம் அந்தத் தெருமுனை வரை போனது என்னவோ உண்மை. அங்கே கால் மறுத்துவிட்டது. அன்றிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மதுக்கடையின் மூலை மேசைதான் அவருடைய கூட்டம். வாடை போக ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தவள் அவர் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நர்ஸ் ஒருத்தி எழுதிக் கொடுத்த முகவரியை அவர் கையில் திணித்தவள், கையோடு தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி வாசலருகே வைத்துவிட்டாள்.

"அங்க போனா நான் இங்க இருக்கேன். போகலைன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ரெண்டுல ஒண்ணு."

அவர் முதல் ஞாயிறு 'போய்வந்த' பிறகுதான் பெட்டி காலியாகி பீரோவின் மேல் ஏறியது.

ஆனால் போய்வந்தவர் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி இருக்க முடியுமா? என்ன பேசினார்கள், யார் யார் வந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பாள். வேறு வழியில்லாமல் அவர் ஒரு வழுக்கைத் தலை ஆளை உண்டாக்கினார். தச்சு வேலைக்காரர். காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் உளி பிடிக்கிற கை நிற்காது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

"அய்யோ பாவம். அவர் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதாம்."

அதற்குப் பிறகு வாரா வாரம் அவள் முதல் கேள்வியே, "வழுக்கைத் தலை அண்ணன் எப்படி இருக்கார்?" என்பதுதான்.

ஐந்தாவது ஞாயிறு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். அவர் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் கருவிப் பை அவள் தோளில் ஏறியிருந்தது.

"உங்க கூட்டத்துலேர்ந்துதான்! பூட்டுக்குள்ள சாவி ஒடிஞ்சுபோச்சாம், எல்லாரும் வெளியில நிக்கிறாங்களாம். வாங்க, நானும் வர்றேன். அந்த அண்ணனை ஒரு தடவை பார்த்துடணும்."

தலை வலிக்கிறது என்றார். எடுபடவில்லை.

மருந்துக் கிடங்கு ஒன்றின் மாடி அது. படியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற பள்ளி வேன் ஓட்டும் பெண், "பூட்டுக்காரரா? கடை போர்டுல நம்பர் பார்த்துத்தான் கூப்பிட்டேன். வாங்க சார்" என்றாள்.

"என்ன சார் கீருன்னுக்கிட்டு? நாலு வாரமா உங்களோடதானே உட்கார்ந்திருக்கார்!" என்றாள் மனைவி.

வேன்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"இங்க யார் வர்றாங்க, யார் வரலைன்னு வெளியில யார் கேட்டாலும் சொல்றதில்லம்மா. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி. அது எங்க ஏற்பாடு."

"அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மனைவி படியில் நின்ற தலைகளை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டாள். எல்லாத் தலையிலும் முடி இருந்தது. ஒருவருக்குத் தோள் வரை.

அவர் முட்டி போட்டார். பல் வைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, ஒடிந்த துண்டைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. முந்தின நாளுக்குப் பிறகு ஒரு மடக்கும் உள்ளே போகாததால் கை கூத்தாடியது. மூன்று முறை கம்பி வழுக்கியது. நீள முடிக்காரர் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தார்.

"நிதானமாப் பண்ணுங்கண்ணே. முதல் மாசம் எனக்குச் சட்டை பட்டன்கூட மாட்ட வரலை" என்றார், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

இவர்கள் யாரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தால் போதும். பொய் தானாகவே உண்மையாகிவிடும். ஆனால் துண்டு உள்ளே கிடக்கிற பூட்டு வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வேறு எந்தச் சாவியும் அதில் போகாது. இது அவர் தொழில். அவருக்கா தெரியாது?

நாலாவது இழுப்பில் துண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் இந்தப் படி ஏறுறது இன்னிக்குத்தான் முதல் தடவை."

அவள் பையைக் கீழே வைத்தாள். "அப்போ நாலு வாரம்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

"அந்த அண்ணன்?"

"அப்படி யாரும் இல்ல."

"நான் அவருக்காக எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா?" அவள் குரல் எகிறியது. படியில் யாரோ வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"தலை மட்டும்தான் பொய்" என்றார் அவர். "மத்ததெல்லாம் நான்தான்."

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"குழாயைத் திறந்துவிட்டு..."

அவர் தலையசைத்தார்.

வேன்காரம்மா மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தாள். ஒரு சாவியை ஒடித்த பூட்டு இன்னொன்றையும் ஒடிக்கும் என்று சொல்லி, அவர் பூட்டையே கழற்றி எடுத்தார். சரிபண்ணி அடுத்த ஞாயிறு மாட்டித் தருவதாகச் சொன்னார்.

"பெட்டி விஷயத்தை வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றாள் மனைவி. "இப்ப உள்ள போங்க."

பூட்டு இருந்த இடத்தில் கதவில் ஒரு துளை. கூட்டம் நடந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை அவர் பார்வை அங்கே போனது. மூன்று முறையும் படியில் உட்கார்ந்திருந்த அவள் மடியில் கருவிப் பை இருந்தது.