அமிர்தம் மிச்சம் வைத்த டீ

அண்ணாமலைநகரில் சிங்காரம் மெஸ்ஸைத் தெரியாத மாணவன் கிடையாது. பெயர்தான் சிங்காரத்துடையது. கத்தரிக்காய் கொத்சு, சாம்பார், ரசம் எல்லாம் அவர் மனைவி அமிர்தத்தின் கைவேலை. சிங்காரம் கல்லாவில் உட்கார்ந்தபடி, "குந்தித் தின்னா குன்றும் மாளும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அங்கே குந்தியிருப்பது யார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அமிர்தத்துக்கு ஒரு வேலையையும் பாதியில் விடத் தெரியாது. தட்டில் பருக்கை, டம்ளரில் சொட்டு எதுவும் மிஞ்சக்கூடாது என்றே வளர்ந்தவள். மாவு அரைத்து முடித்தால் வெங்காயம் வந்து நிற்கும், வெங்காயம் முடிந்தால் வாழைக்காய். இப்படியே ஐம்பது வயதாகிவிட்டது. முழங்கால் மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது.

இரண்டாயிரத்துப் பத்தில் சிங்காரத்தின் தம்பி தில்லைநாதன் புதுசாக ஒரு யோசனையோடு வந்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளை திறப்பது. காலையும் மதியமும் சிதம்பரம், சாயங்காலம் கடலூர். சமைப்பது யார் என்ற பேச்சே எழவில்லை. அமிர்தம் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் முடியாது என்று ஒரு முறைகூடச் சொல்லாத வாய்க்கு அந்தச் சொல் எங்கிருந்து வரும்?

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் மகன் ராஜ்கமல் பெங்களூரிலிருந்து வந்து நின்றான். மலையேறும் கிறுக்குப் பிடித்தவன். நேபாளத்தில் ஒரு பனிமலை ஏறப் போகிறார்களாம். கூட வரும் பையன்களுக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு இல்லாமல் ஆகாதாம், அத்தை அடிவாரம்வரை வந்து சமைத்துக் கொடுத்தால் போதுமாம். வாக்காளர் அட்டையே போதும், பாஸ்போர்ட் வேண்டாம் என்றான். பாஸ்போர்ட் இல்லாத ஊர் என்ன வெளிநாடு என்று சிங்காரம் கேலி செய்தார். வந்ததும் கடலூர்க் கடையைத் திறந்துவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளக்கட்டு என்று ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அமிர்தம் கிளம்பினாள். அங்கேயும் அடுப்புதானே என்றுதான் நினைத்தாள். குட்டி விமானம் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடையோ நடை. பத்து அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாக ஷெர்பாக்களின் மலைக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தாள். தங்கிய வீட்டுக்காரி டோமாவுக்கும் அவள் வயதுதான் இருக்கும். அமிர்தம் மூட்டையோடு அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். டோமா அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கம்பளி விரித்த பலகையில் உட்கார வைத்துவிட்டாள். விருந்தாளிக்கு இங்கே அடுப்பில் வேலை இல்லை என்றான் ராஜ்கமல். பையன்கள் புளிக்காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள்.

முதல் நாள் அவளுக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பிறகு சாப்பாடு வந்தது. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த மிளகாய். இன்னொரு வேளை உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் வார்த்த அடை, மேலே உருகும் வெண்ணெய். நம்ம அடைக்கு இதில் பாதி மணம்கூட இல்லை என்று அமிர்தம் மனதார ஒப்புக்கொண்டாள். அடுத்தவள் ஆக்கிப் போட்டுத் தான் சூடாகத் தின்பது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரம் என்று டோமாவுக்குச் சைகை காட்டினாள். சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். குந்தித் தின்றும் அது மாளுவதாகத் தெரியவில்லை.

டீதான் அவளைப் படுத்தி எடுத்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. முதல் வாய் ரசமும் நெய்யும் கலந்த மாதிரி இருந்தது, இரண்டாவது வாயில் பிடித்துப்போனது. மிச்சம் வைக்கக்கூடாதே என்று குடித்து முடித்தாள். டோமா ஊற்றினாள். குடித்தாள். மறுபடியும் ஊற்றினாள். வயிறு பானையாக வீங்கியும், சிரித்துக்கொண்டே குடித்துத் தீர்த்தாள். சாயங்காலம் பெண்கள் வரிசையாகக் கைகோத்து, காலால் தரையைத் தட்டித் தட்டி ஆடினார்கள். நம்ம கும்மி மாதிரி இருக்கிறதே என்று அமிர்தமும் கைகோத்துக்கொண்டாள். முழங்காலைவிட வயிற்றில் ததும்பிய டீதான் இடைஞ்சல் செய்தது. பையன்கள் திரும்பும்வரை தினமும் இதே கூத்து.

அவர்கள் மூக்கு தோலுரிந்து இறங்கி வந்தார்கள். காற்று அடித்ததால் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே திரும்பிவிட்டார்களாம். அதற்காக யாரும் முகம் தொங்கிப் போகவில்லை. அமிர்தத்துக்கு அது அதிசயமாக இருந்தது. கிளம்புகிற அன்று டோமா கெண்டியோடு வந்தாள், இவள் மடமடவென்று குடிப்பதைப் பார்த்து ராஜ்கமல் பதறினான்.

"அத்தை, இங்க போதும்னா கோப்பைய நெறஞ்சபடியே விட்டுடணும். நீங்க காலி பண்ணிக்கிட்டே இருந்தா அவுங்க ஊத்திக்கிட்டேதான் இருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவில்லை. டோமா நிரப்பிய கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டோமா தலையாட்டிவிட்டுக் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவுதானா என்று இருந்தது அமிர்தத்துக்கு.

சிதம்பரம் வந்த மறுநாளே பழைய கிரைண்டர், பழைய வெங்காயம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் சிங்காரம் டீயும் கடலூர்க் கடைச் சாவியுமாக வந்தார். அமிர்தம் இரவு டிபனுக்கு ஊறிய அரிசியில் ஒரு ஈடுதான் அரைத்திருந்தாள். மீதி அன்னக்கூடையில் அப்படியே கிடந்தது. அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அரிசி ஏன் பாதியில் நிற்கிறது என்று சிங்காரம் கேட்டார்.

"இருக்கட்டும்," என்றாள் அமிர்தம். "இத முடிச்சா அடுத்தத கொண்டாந்து வப்பீங்க. இருக்கறதே ஜாஸ்தி. கடலூருக்கு நான் வரல."

சிங்காரம் சாவியைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் போய்த் தம்பிக்குப் போன் போட்டு, அவளுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு," என்று உள்ளேயிருந்தே சொன்னாள் அமிர்தம். "அவ வரமாட்டேங்கறான்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னாரா என்று அவள் காதுகொடுத்துக் கேட்கவில்லை. டீயில் பாதியைக் குடித்தாள். மீதியோடு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள்.